பிழை காட்டும் கருவிகள்: ஒரு பொதுச் சொத்தின் வரலாறு

கருவிகளின் வரலாறு, அவற்றைப் படைத்த உழைப்பின் வரலாறேயாகும். ஏரும் மண்வெட்டியும் எவ்வாறு தோன்றின என்று கேட்பதில் நாம் காட்டும் அக்கறையைக் கணினிக் கருவிகளின் விடயத்தில் காட்டுவதில்லை. அவை மேல்நாட்டு வணிக நிலையங்களில் பிறந்து, விலை கொடுத்தவர் கைக்கு வந்து சேர்ந்தவை என்ற எண்ணமே ஆசிரியர் மத்தியிலும் மாணவர் மத்தியிலும் பரவியிருக்கிறது. இவ்வெண்ணத்தில் உண்மை பாதிதான். மற்றப் பாதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வன்னிப் பெருநிலத்தின் இரு இடங்களில் இன்று கணினியியல் பல்கலைக்கழக மட்டத்தில் கற்பிக்கப்படுகிறது. ஒன்று, வவுனியா பம்பைமடு. 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்டு 1 ஆந் திகதி தனிப் பல்கலைக்கழகமாகிய நிறுவனம் அங்கே உள்ளது. மற்றது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அமைந்துள்ள கிளிநொச்சி அறிவியல் நகர். 2009 மே மாதம் வரை போர் உழுத நிலம் இது. இந்நிலத்து மாணவரின் கணினியில் இன்று இயங்கக்கூடிய சிறந்த கருவிகள் பல விலையின்றிக் கிடைப்பவை. அவற்றை யார், ஏன், எவ்வாறு பொதுவாக்கினர்?

நமது உயர்தர வகுப்பு மாணவர் கணிதத்தில் ‘சார்பு’ என்ற கருத்தை அறிவர். ஒன்றை உள்ளே இட்டால் ஒன்று வெளியே வரும். அதே உள்ளீட்டுக்கு என்றும் அதே விடைதான். இந்த எளிய கருத்தை அடித்தளமாக வைத்து நிரல் எழுதுவதே சார்புமுறை நிரலாக்கம். அமெரிக்கத் தருக்கவியலாளர் அலன்ஸோ சேர்ச் 1930 களில் இதற்கான கணிதத்தை வகுத்தார். அதனின்று குறியீடுகளைப் பெற்று 1958 இல் ஜோன் மக்கார்த்தி லிஸ்ப் என்னும் மொழியைத் தொடங்கினார். 1977 இல் டியூரிங் விருது பெற்ற ஜோன் பக்கஸ், தாமே முன்னின்று உருவாக்கிய போர்ட்ரான் போன்ற மொழிகளின் போக்கையே தமது விருதுரையில் கடுமையாக விமர்சித்துச் சார்புமுறையை ஆதரித்துப் பேசினார். அதன்பின் பல பல்கலைக்கழகங்களில் இத்துறை தளிர்த்தது. ஆயின் ஒவ்வொரு குழுவும் தனக்கெனத் தனி மொழி வைத்திருந்தது. அவற்றுள் மிகவும் பண்பட்டது, 1985 இல் இங்கிலாந்தின் டேவிட் டேர்னர் வெளியிட்ட மிராண்டா. அது விலைக்கு உரிமம் பெற வேண்டிய மொழி.

இவ்விடத்தில்தான் வரலாறு ஒரு திருப்பத்தை அடைகிறது. 1987 செப்டெம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கூடிய ஆய்வாளர்கள், யாவருக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும் என்று முடிவு செய்தனர். மிராண்டாவையே அதற்கு அடிப்படையாகக் கொள்ள விரும்பி டேர்னரிடம் கேட்டனர். அவர் இசையவில்லை. தம் மொழி பல கிளைகளாகப் பிரிந்து சிதையக்கூடாது என்ற அவரது கவலையை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் விளைவு என்ன? குழுவினர் புதிதாகத் தொடங்கினர். 1990 ஏப்ரல் 1 ஆந் திகதி ஹாஸ்கெல் மொழியின் முதல் அறிக்கை வெளிவந்தது. தருக்கவியலாளர் ஹாஸ்கெல் கரியின் பெயரே மொழிக்குச் சூட்டப்பட்டது. பின்னர் 1999 இல் வெளியான செம்மையாக்கப்பட்ட அறிக்கை, எவரும் எந்நோக்கத்துக்கும் தன்னைப் படியெடுக்கலாம், பரப்பலாம் என்று அனுமதித்தது. மிராண்டாவும் இறுதியில் 2020 இல் திறந்த மூலமாகியது. ஆனால் அதற்குள் முப்பது ஆண்டுக் கல்வி மறு பாதையிற் சென்றுவிட்டிருந்தது. வேலியிட்ட அறிவு அழிந்துபோகவில்லை. வளர்ச்சியின் நடுவிலிருந்து விலகி நின்றது.

பொதுமொழி ஒன்று அமைந்ததும், அதைக் கற்பிக்கும் கருவிகளும் பொதுவாகவே வளர்ந்தன. கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தொகுப்பி இன்றும் அவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிறிய கணினியிலும் ஓடக்கூடிய ஹக்ஸ் என்னும் கருவி பல நாடுகளின் வகுப்பறைகளுக்குச் சென்றது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2003 இல் ஹீலியம் என்ற கருவியை அறிமுகம் செய்தபோது அவர்கள் முன்வைத்த கேள்வி, எந்த ஆசிரியருக்கும் உரியது: மாணவர் பிழை விடும்போது அவருக்குப் புரியும்படி எவ்வாறு கூறுவது? பிழைச்செய்தியே பாடமாக வேண்டும் என்பது அவர்களின் துணிபு.

இத்துணிபு வகுப்பறையைத் தாண்டி அன்றாட வேலைத்தலத்துக்கும் வந்தது. கணினிக்குக் கட்டளையிடும் ஷெல் நிரல்களில் உள்ள பிழைகளைக் காட்டும் ஷெல்செக் என்ற கருவி 2012 இல் தோன்றியது. அது ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்டது. ஒரு கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால், மேற்கோட்குறி இடப்படாத கட்டளை அப்பெயரை இரண்டாக உடைத்துக்கொள்ளும். அழிக்கும் கட்டளையாயின் வேறொரு கோப்பே அழிந்துபோகலாம். அனுபவசாலிகளும் விடும் இப்பிழையை ஷெல்செக் முன்கூட்டியே சுட்டுகிறது. ஏன் பிழை என்றும் சொல்கிறது.

2013 இல் டொக்கர் வெளிவந்து, கொள்கலன் முறை பரவியது. துறைமுகக் கொள்கலனில் பொருள்களை அடைப்பது போல, ஒரு நிரலை அதற்கு வேண்டிய யாவற்றுடனும் ஒன்றாகக் கட்டி, எக்கணினியிலும் ஒரே வகையாக இயங்கச் செய்வதே இம்முறை. எதை அடியாகக் கொள்வது, எவற்றை நிறுவுவது, எந்தப் பயனர் பெயரில் இயக்குவது என்பவற்றை ஓர் ஆக்கக்கோப்பில் வரிவரியாக எழுத வேண்டும். அக்கோப்பைச் சோதிக்கும் ஹடோலின்ட் என்னும் கருவி 2015 இல் தொடங்கப்பட்டது. இதுவும் ஹாஸ்கெல் மொழியிலானதே. ஷெல்செக்கைத் தன்னுள்ளே இணைத்துக்கொண்டு, ஆக்கக்கோப்பினுள் வரும் ஷெல் கட்டளைகளையும் இது ஆராய்கிறது. ஒருவர் உழைப்பு மற்றவர் உழைப்பின்மேல் கேளாமலே ஏறி நிற்க முடிந்தது, இரண்டும் பொது உரிமத்தின் கீழ் இருந்தமையாலன்றோ!

இக்கருவி இயங்கும் விதம் சார்புமுறைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அது கோப்பின் வரிகளைப் பிரித்து, கிளைவிட்ட மரம் போன்ற ஓர் அமைப்பாக ஆக்கிக்கொள்கிறது. விதி ஒவ்வொன்றும் அடிப்படையில் ஒரு சார்பே: உள்ளே கட்டளை செல்கிறது, வெளியே ‘குற்றமில்லை’ அல்லது ‘இது குற்றம்’ என்ற விடை வருகிறது. கோப்பை அது இயக்கிப் பார்ப்பதில்லை. வாசித்தே தீர்ப்புச் சொல்கிறது. அதன் 3007 ஆம் இலக்க விதி, அடிப்படைப் படிமத்துக்கு ‘அண்மையது’ என்று மட்டும் குறிப்பிடுவதைக் கண்டிக்கிறது. இன்றைய அண்மையது நாளை வேறொன்றாகிவிடும், நேற்று இயங்கியது இன்று உடையும், காரணமும் தெரியாது. 3008 ஆம் விதி, நிறுவும் பொதிகளின் பதிப்பை உறுதியாகக் குறிக்கச் சொல்கிறது. 3002 ஆம் விதி, சகல அதிகாரமும் கொண்ட பயனராக இயக்கத்தை முடிக்காதே என்கிறது. அதிகாரத்தைத் தேவைக்கு மேல் ஒருவர் கையிற் குவிக்கலாகாது என்ற பாடம் கணினிக்கும் பொருந்துவது சுவையான ஒற்றுமை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கட்டற்ற மென்பொருள் ஆக்கத்தில் இலங்கை வெறும் நுகர்வோனாக இருக்கவில்லை. 2003 இல் லங்கா மென்பொருள் நிலையம் அமைந்தது. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கி, இத்தீவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. முல்லைத்தீவுப் பட்டினம் தரைமட்டமாகியது. காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண அமைப்புகள் ஆகியவற்றைப் பதிவு செய்ய, தன்னார்வ உழைப்பில் சஹானா என்னும் மென்பொருள் சில வாரங்களில் எழுந்தது. அது திறந்த மூலமாயிருந்தமையால் 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2010 இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்கும் உதவியது. 2006 ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்கே கிடைத்தது.

ஆனால் அதே காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் மறக்கலாகாது. சுனாமி நிவாரணத்தை வடக்கு கிழக்கில் இரு தரப்பும் சேர்ந்து பகிர்வதற்கான பொதுக் கட்டமைப்பு 2005 ஜூன் 24 ஆந் திகதி கைச்சாத்தாகியது. ஜூலை நடுப்பகுதியில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டது. கருவி திறந்திருந்தது, பாதை மூடிக்கிடந்தது. சமூக உறவுகள் மாறாதவரை கருவி மட்டும் விடுதலை தராது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை.

இன்றும் ‘இலவசம்’ என்ற சொல் பல தடைகளை மறைக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, எந்த உரிமமும் கணினியை இயக்கவில்லை. கொள்கலன் படிமங்கள் பெரும்பாலும் ஒரு தனியார் நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்தே வருகின்றன. 2020 நவம்பரில் அந்நிறுவனம், பதிவு செய்யாதோர் ஓர் இணைய முகவரியிலிருந்து ஆறு மணிநேரத்தில் நூறு முறைக்கு மேல் இறக்கலாகாது என வரையறுத்தது. நாற்பது மாணவர் ஒரே முகவரியின் பின்னால் அமரும் ஆய்வுகூடத்துக்கு இதன் பொருள் என்னவென்று ஆசிரியருக்கு விளக்க வேண்டியதில்லை. ஊதியமின்றி எழுதப்பட்ட நிரல்களின்மேல் பெருமுதலாளி நிறுவனங்கள் இலாப மாளிகை கட்டுவதும் உண்மையே.

இவற்றினும் அருகிலுள்ள தடை மொழியே. ஷெல்செக், ஹடோலின்ட் ஆகியவற்றின் ஒவ்வொரு விதி இலக்கத்துக்கும் ஒரு விளக்கக்குறிப்பு உண்டு: பிழையான வரி, திருத்திய வரி, காரணம். சிறந்த ஆசிரியர் ஒருவரின் முறை அது. ஆனால் அக்குறிப்புகள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழியில் உயர்தரம் கற்று வந்த கிராமத்து மாணவருக்குப் பிழை காட்டப்படுகிறது, காரணம் எட்டுவதில்லை. இது தீர்க்க முடியாத குறையன்று. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதும் எழில் மொழியும், 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியமும் வழியைக் காட்டியுள்ளன. உரிமம் தடுக்கவில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதுமில்லை.

வன்னி விவசாயிக்குக் குளத்தின் முறை தெரியும். விதைப்புக்கு முன் வாய்க்காலைத் துப்புரவு செய்ய அவர் சிரமதானத்துக்குப் போகிறார். அணைக்கட்டில் கசிவு கண்டால், அது தம் வயலுக்கு நேரேயில்லை என்று நடந்துவிடுவதில்லை. குளத்து நீரைக் குடித்தவனுக்குக் குளக்கட்டின்மேல் கடமை உண்டு. பொதுக் கருவிகளும் இத்தகையனவே. ஒரு வகுப்பு ஒரு தவணையில் பத்து விதிகளின் விளக்கத்தைத் தமிழாக்கினால் போதும். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அப்பத்தையும் வாசித்துப் பதினோராவதை எழுதுவர். பொதுச் சொத்தில் நம் பங்கைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதில் நம் பங்கைச் செலுத்தும்போதே அவ்வுரிமை வலுப்பெறும்.