மூர் மேட்டில் ஓர் அளவைத் தூண்
வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹீதர் புதர் மண்டிய பொட்டல் மேடுகளை 'மூர்' என்பர். பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் அங்கத்தினர்கள் அங்கே நடந்தால், 454 மீட்டர் உயரமுள்ள ரவுண்ட் ஹில் உச்சியில் நான்கடிக் கான்கிரீட் தூண் ஒன்றைக் காணலாம். தூரத்தில் பலிபீடம் போலத் தெரியும்.

பிரிட்டனை மறுபடி அளப்பதற்காக 1936 முதல் ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவிய சுமார் 6,500 தூண்களில் அதுவும் ஒன்று. வடிவமைத்தவர் மார்ட்டின் ஹாட்டின். உச்சியிலுள்ள பித்தளைத் தகட்டின் மூன்று பள்ளங்களில் தியோடலைட்டின் கால்கள் அமரும். தூண் வெறும் பீடம்தான். அடியில் மண்ணுக்குள்ளும் ஒரு குறி உண்டு. தூணையே இடித்தாலும் புள்ளி தப்பும். (எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது!) ஜி.பி.எஸ். வந்தபின் பெரும்பாலானவற்றுக்கு வேலையில்லை.

இந்த மூர்களுக்கு அருகே, நார்த்தலர்ட்டன் பக்கம் பிறந்தவர் வில்லியம் லாம்ப்டன். 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலையருகே 100 அடி எஃகுச் சங்கிலியால் அடிக்கோடு அளந்து, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் துவக்கியவர் அவரே.