சாக்குத் துண்டிலிருந்து கைப்பேசி வரை

1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாத்தாரா பள்ளியில் சிறுவன் பீமராவுக்கு வகுப்பறையின் ஒரு மூலை ஒதுக்கப்பட்டிருந்தது. உட்கார ஒரு சாக்குத் துண்டு. அதை அவரே தினமும் வீட்டுக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். பள்ளியைச் சுத்தம் செய்யும் ஆள் அதைத் தொடமாட்டார். அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார்.  இவருக்கு மட்டும் சொந்தச் சாக்கு.

இன்று கல்லூரிகளில் “அவரவர் கைப்பேசியிலேயே படிக்கலாம்” என்பதை நவீனம் என்கிறார்கள். கருவியை யார் வாங்கித் தருவது என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 2011 அக்டோபரில் ஒன்றிய அரசு ‘ஆகாஷ்’ கையடக்கக் கணினியை அறிமுகப்படுத்தியது. கல்லூரி மாணவர்களுக்கு மலிவு விலையில் தருவதாகச் சொன்னார்கள். கருவி மந்தம், தொடுதிரை மட்டம். சில ஆண்டுகளில் திட்டம் ஓசையில்லாமல் அடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ‘இலவசம்’ என்று அதைக் கேலி செய்தவர்கள் வீட்டில் ஏற்கெனவே கணினி இருந்தது, அது வேறு கதை. சேரிப் பிள்ளைகள் பலருக்கு அதுதான் வீட்டுக்குள் வந்த முதல் கணினி. கருவி தருவது அரசின் கடமை என்ற எண்ணமாவது அப்போது இருந்தது.

2020 மார்ச் ஊரடங்கு அதைப் புரட்டிப்போட்டது. ஒரே இரவில் வகுப்பறை மாணவரின் கைப்பேசிக்குள் போனது. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில்தான், இணைய வசதி 14.9 விழுக்காட்டில். நகரத்தில் இணையம் 42 விழுக்காடு. இந்தக் கணக்கு அரசின் கையிலேயே இருந்தது. இருந்தும் வருகைப்பதிவு எடுத்தார்கள், தேர்வு வைத்தார்கள். அப்பா வேலைக்கு எடுத்துப்போகும் ஒற்றைக் கைப்பேசியை நம்பி அண்ணனும் தங்கையும் படித்த வீடுகள் எத்தனை!

தமிழ்நாடு அரசு 2021 ஜனவரியில்தான் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி டேட்டா அறிவித்தது. வரவேற்கத்தக்கது. ஆனால் டேட்டா இருந்து கைப்பேசி இல்லாதவர் என்ன செய்வார்?

திரைக்கு வந்தால் சாதி வராது என்று நம்பியவர்களும் உண்டு. 2021 ஏப்ரலில் கரக்பூர் ஐஐடியில், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் படித்த இணையவழி ஆயத்த வகுப்பில் ஒரு பேராசிரியர் அவர்களை வசைபாடிய காணொளி நாடெங்கும் பரவியது.

பெருந்தொற்று முடியும் முன்பே, 2021 மே மாதம், பல்கலைக்கழக மானியக் குழு ஒரு பாடத்தின் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம் என்று கருத்துரு வெளியிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிகளின்படி, வீட்டிலிருந்து வந்து பி.ஏ. படிக்கும் பட்டியல் சாதி மாணவருக்குக் கல்விப்படி ஆண்டுக்கு 3,000 ரூபாய். 2024 ஜூலையில் பெரிய தனியார் நிறுவனங்களின் கட்டணத்தில், தினம் 2 ஜிபி வீதம் ஓராண்டுக்கு ரீசார்ஜ் செய்யவே இது போதவில்லை. கைப்பேசி விலையை இதில் சேர்க்கவில்லை.