வேலையோடு ஒரு பட்டம்: விருதுநகர் மாவட்டமும் மென்பொருள் பழகுநர் படிப்பும்

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஊதியம் பெற்று வேலை பழகிக்கொண்டே பல்கலைக்கழகப் பட்டமும் பெறும் முறையைப் பழகுநர் பட்டப்படிப்பு எனலாம். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1974-இல் தொழில் நிறுவனங்கள் சேர்ந்து இத்தகைய கல்விமுறையைத் தொடங்கின. இங்கிலாந்தில் 2015-இல் வந்தது. வேலையிடத்தில் தொழில் கற்பது சிவகாசிக்குப் புதிதல்ல. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று, எட்டு மாதம் போல் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்துதான் அவ்வூரின் தொழில் வரலாறு தொடங்குகிறது.

ஆனால் இந்த வட்டாரத்தில் 'சின்ன வயதிலேயே சம்பாத்தியம்' என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. 1970, 80-களில் விடியுமுன் ஊர் ஊராக வந்து நின்ற கம்பெனி வண்டிகளில் பள்ளி வயதுப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். குச்சி அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் எண்ணிக்கைக்கேற்பக் கூலி. படிப்பு அத்தோடு நின்றது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதைத் தடுத்தது. சிவகாசியை முன்வைத்து எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று, சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2016 திருத்தத்துக்குப் பின் 18 வயது நிரம்பாத எவரையும் வெடிபொருள் தொழிலில் சேர்க்க முடியாது.

பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். பிளஸ் டூ முடித்த பிறகு என்ன என்பதே அடுத்த கேள்வி. தொழில் வளர்ந்த இடத்தில் கல்லூரிகளும் வளர்ந்திருந்தன. சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-இலும், மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி 1984-இலும் தோன்றின. பின்னதன் பெயரில் உள்ள மெப்கோ, பட்டாசுக்கு வேண்டிய அலுமினியப் பொடி தயாரிக்கும் நிறுவனத்தின் பெயர். இருந்தும், பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் 2018 அக்டோபரில் தடை வந்ததுபோல் ஒரு உத்தரவில் வேலை நின்றுவிடக்கூடிய குடும்பத்துக்கு, மூன்று நான்கு ஆண்டு வருமானமில்லாத படிப்பு பெரும் பாரம்தான்.

மென்பொருள் துறையில் இதற்கு முதலில் கதவு திறந்தது பட்டதாரிகளுக்கு. விப்ரோ 1995-இல் பிட்ஸ் பிலானியுடன் சேர்ந்து, பி.எஸ்சி. முடித்தவர்கள் வேலை பார்த்தபடியே எம்.எஸ். பட்டம் பெறும் திட்டத்தைத் தொடங்கியது. கலை அறிவியல் கல்லூரி மாணவருக்குப் பொறியாளர் வேலை கிடைக்க அது வழிசெய்தது. பள்ளி முடித்தவரையே சேர்த்துக்கொண்ட முன்னோடி ஜோஹோ. 2005 வாக்கில் தொடங்கிய அதன் பள்ளி, உதவித்தொகை தந்து இரண்டாண்டு கற்பித்து வேலையும் தருகிறது, பட்டம் தருவதில்லை. பட்டம் தேவையில்லை என்பது அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவின் துணிவு. அந்த நிறுவனத்துக்குள் இருக்கும்வரை அது சரி. பட்டம் கேட்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கோ வங்கித் தேர்வுகளுக்கோ அந்தத் துணிவு உதவாது. ஊர் ஊருக்குமான கல்யாணப் பத்திரிகைகளில் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எஸ்சி. என்று அச்சிட்டுத் தரும் சிவகாசிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரண்டையும் இணைத்தது எச்.சி.எல். நிறுவனம் 2017-இல் தொடங்கிய 'டெக்பீ'. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவரான சிவ நாடார் திருச்செந்தூர்ப் பகுதியிலுள்ள மூலைப்பொழியில் பிறந்தவர். பிளஸ் டூ முடித்தவர்களுக்குத் தேர்வு வைத்து ஓராண்டுப் பயிற்சி. பிறகு முழுநேர வேலை. கூடவே பிட்ஸ் பிலானி, சாஸ்த்ரா, அமிட்டி போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பு. 2022-இல் பள்ளிக்கல்வித் துறை இதை அரசுப் பள்ளி மாணவர்களிடமும் கொண்டுசென்றது. விருதுநகருக்குப் பக்கத்து நகரமான மதுரையிலேயே நிறுவன வளாகம் இருப்பது பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு ஓரளவு ஆறுதல்.

படிப்பவரின் நாட்கள் எளிதாக இருப்பதில்லை. பகலிலோ இரவுப் பணியிலோ வேலை. எஞ்சிய நேரத்திலும் விடுமுறை நாளிலும் பாடம். தமிழ்வழியில் படித்தவருக்கு நிரல் எழுதுவதைவிட, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் நாலு வரி மின்னஞ்சல் எழுதுவதே முதல் மலை. கல்லூரிக்குப் போன நண்பர்களின் விடுதிக் கதைகளும் விழாக்களும் இவர்களுக்கு இல்லை. அந்த நண்பர்கள் இறுதியாண்டில் வேலை தேடும்போது இவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் இருக்கும்.

எல்லாருக்கும் இது எட்டுவதில்லை. பிளஸ் டூவில் கணிதமோ வணிகக் கணிதமோ படித்திருக்க வேண்டும். ஆகவே பதினைந்து வயதில் பிளஸ் ஒன் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே சிலர் விலகிவிடுகிறார்கள். பட்டப்படிப்பில் சேர்வதும் பயிற்சியை முடித்து வேலையில் அமர்ந்த பிறகுதான். பயிற்சியின் பத்தாம் மாதத்தில் விலகும் மாணவரிடம் பட்டமும் இருக்காது, வேலையும் இருக்காது. கல்லூரியில் முதலாண்டு சேர அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டும்.