அரசிக்கு மாநகரம், பொறியாளருக்குப் பள்ளத்தாக்கு: பென்னிகுக் சிலைகள் எழுந்த வரலாறு

அந்நிய அரசர்க்குச் சிலை எழுப்பும் வழக்கம் சென்னை மாகாணத்தில் மேலிருந்து வந்தது. விக்டோரியா ஆட்சியேற்று ஐம்பது ஆண்டு நிறைந்த 1887இல், விசாகப்பட்டினம் ஜமீன்தார் கஜபதி ராவ் அளித்த அரசியின் சிலை சென்னைச் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக வளாகத்தருகே நிறுவப்பட்டது. கொடுத்தவர் ஜமீன்தார், பெற்றவர் அரசி. வழிப்போக்கருக்கு அதில் பங்கில்லை. அதே 1887இல்தான் முல்லைப்பெரியாறு அணை வேலை தொடங்கியது. கம்பம் பள்ளத்தாக்கின் சிலைக்கதை அங்கிருந்து கிளைக்கிறது.

அணைக்கான குத்தகை 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மன்னருக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கும் இடையே எழுதப்பட்டது: 8,000 ஏக்கர், 999 ஆண்டு, ஏக்கருக்கு ஆண்டுவாடகை 5 ரூபாய். ஒப்பந்தத்தின் ஒரு பக்கம் விக்டோரியாவின் அரசு. ஆனாலும் பள்ளத்தாக்கின் உழவர் நினைவில் தங்கியது அவ்வரசி அல்ல. சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கற்பொடியும் கொண்டு அணையைக் கட்டி 1895இல் முடித்த ஜான் பென்னிகுக்தான். மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி வைகைக்கு வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இன்றும் அந்த நீரை நம்பியுள்ளது.

இந்நன்றியுணர்வு பழையது; உலோகச் சிலைகளோ புதியவை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வழக்கமாகிவிட்டதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மதுரை தல்லாகுளம் பொதுப்பணித்துறை வளாகத்தில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில், அதாவது அணை திறந்து நூறாண்டுக்குப் பின். இடையே நடந்தது என்ன?

1979இல் குஜராத்தின் மச்சு அணை உடைந்தது. அணைப் பாதுகாப்பு பற்றிய அச்சம், பெரியாறு அணை நிற்கும் கேரளத்தில் வலுத்தது. பெரியாற்றில் தேக்கும் உயரம் 152 அடியிலிருந்து 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. நீர் குறைந்தபோது கட்டியவரின் பெயர் வலுப்பெற்றது. 2006 பிப்ரவரி 27இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளம் சட்டத் திருத்தத்தால் அதைத் தடுத்தது. 2011 டிசம்பரில் கம்பம், கூடலூர் உழவர்கள் கேரள எல்லையிலுள்ள குமுளி நோக்கித் திரண்டனர். 144 தடை உத்தரவு வந்தது. அடுத்த மாதமே அன்றைய முதல்வர் ஜெயலலிதா பென்னிகுக்குக்கு மணிமண்டபம் அறிவித்தார். கூடலூர் அருகே லோயர் கேம்ப்பில், பென்னிகுக் பிறந்தநாளான ஜனவரி 15இல், 2013ஆம் ஆண்டு அது வெண்கலச் சிலையுடன் திறக்கப்பட்டது. 2014 மே 7இல் அரசியலமைப்பு அமர்வு கேரளத்தின் தடையை நீக்கியது. சிலைக்கும் வழக்குக்கும் உள்ள இத்தொடர்பு தற்செயலன்று. கர்னல் பென்னிகுக்கின் உருவம் இங்கு நீருரிமைக்கான சாட்சியாக நிறுத்தப்பட்டது.

இதற்கு முன்பும் பின்பும் மக்கள் வழிபாடு தன் போக்கில் நடந்து வருகிறது. பள்ளத்தாக்கின் பாலார்பட்டி ஊரில் அவர் படத்தின் முன் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயர் சூட்டியவர்களும் உண்டு. சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்ற கதையும் பரவலானது. ஆய்வாளன் இதை அப்படியே ஏற்க முடியாது. 1882இல் திட்டத்தைத் திருத்தி எழுத அவரைப் பணித்தது அரசு. செலவு அரசுக் கணக்கில் நடந்தது. கதை பொய்யாயினும் அது பிறந்த காரணம் மெய். அந்நிய ஆட்சியிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுத்துத் தமக்குரியவராக்க, அரசே கைவிட்டபோது அவர் தம் கையிலிருந்து கொடுத்தார் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அந்நியர் சிலையெல்லாம் ஒருபோலக் கருதப்படவில்லை என்பதற்குச் சென்னையே சான்று. 1857 கிளர்ச்சியைக் கொடுமையாக அடக்கிய நீல் துரையின் மவுண்ட் ரோடு சிலையை எதிர்த்து 1927இல் போராட்டம் நடந்தது; 1937இல் ராஜாஜி அமைச்சரவை அதை அருங்காட்சியகத்துக்கு மாற்றியது. தேனியிலோ பேருந்து நிலையத்துக்கே பென்னிகுக் பெயர் சூட்டப்பட்டது.

2022 ஜனவரி 15இல் முதல்வர் மு.க. ஸ்டாலின், பென்னிகுக்குக்கு இங்கிலாந்தில் சிலை அமைக்கப்படும் என்றார். கேம்பர்லி நகரப் பூங்காவில் அது திறக்கப்பட்டது செப்டம்பரில். அரசி இரண்டாம் எலிசபெத் மறைந்த அதே மாதம். 1887இல் இங்கிலாந்து அரசிக்கு இங்கே சிலை எழுந்தது. 135 ஆண்டு கழித்து, அங்கிருந்து வந்த பொறியாளர் ஒருவருக்கு அவர் நாட்டிலேயே தமிழ்நாட்டு அரசு சிலை வைத்தது.