இணைப்பு வந்தால் மட்டும் போதுமா?

போன வாரம் ஊரிலிருந்து சித்தப்பா பேசினார். "பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் ஃபைபர் கேபிள் வந்தாச்சுப்பா. இனிமே எதுக்கு ஹைதராபாத்ல கிடக்கறே? இங்கேயே வந்துடு!"

சிரித்து வைத்தேன். ஆனால் மேலூர் கதை ஞாபகத்துக்கு வந்தது.

2001-ல் மதுரைப் பக்கம் மேலூர் வட்டாரத்தில் 'சாரி' என்றொரு திட்டம் ஆரம்பித்தார்கள். சென்னை ஐ.ஐ.டி., என்-லாக் நிறுவனம், அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு என்று பெரிய இடங்களெல்லாம் கைகோத்தன. அன்றைக்குக் கிராமத்தில் பிராட்பேண்ட் ஏது? சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்புதான்.

கிராமத்துக் கியோஸ்க்கில் உட்கார்ந்தபடியே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் எல்லாவற்றுக்கும் மனுப் போடலாம். தாலுகா ஆபீசுக்கு பஸ் ஏற வேண்டாம், ஒருநாள் கூலியும் போகாது. மக்களும் வந்தார்கள். அப்புறம் பயிற்சி பெற்ற, ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். இணைப்பு இருந்தது, மறுமுனையில் கவனிக்கத்தான் ஆளில்லை. அந்தச் சேவை படுத்துவிட்டது. சொந்தப் பொறுப்பில் கியோஸ்க் வைத்தவர்கள் பலர் சில வருஷங்களிலேயே கடையை மூடினார்கள்.

புதுச்சேரியில் வேறு கதை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-லிருந்து அங்கே கிராம அறிவு மையங்களை நடத்தியது. வீராம்பட்டினத்தில் அலை உயரக் கணிப்பை இணையத்தில் எடுத்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி நாள். நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் போன் செய்து எச்சரித்தார். மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊர் தப்பியது. சொல்ல ஒருவர், காதில் வாங்கிக்கொள்ள ஓர் ஊர் என்று இரண்டு பக்கமும் ஆள் இருந்ததால் வந்த பலன் அது.

பேங்க்காரன் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. இன்று எந்தச் சந்தையில் என்ன விலை என்பது செல்போனிலேயே தெரியும். ஆனால் விதைப்புக்கு மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியவர், விலை குறைவென்றாலும் அவரிடம்தானே சரக்கைப் போட வேண்டும்? பட்டா வேறொருவர் பெயரில் இருக்க, குத்தகைக்குப் பயிரிடுகிறவருக்குப் பயிர்க்கடன் கிடைப்பது இன்றும் சிரமம்தான். எவ்வளவு வேகமான இணைப்பும் இதை மாற்றாது.

2011-ல் ஒப்புதல் பெற்று, இப்போது பாரத்நெட் என்ற பெயரில் நடக்கும் திட்டத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பஞ்சாயத்துகளுக்குக் கேபிள் போயிருக்கிறது. நல்ல விஷயம், வேண்டாமென்று சொல்லவில்லை. அடுத்த முறை சித்தப்பா கூப்பிட்டால் ஒன்றே ஒன்று கேட்கப் போகிறேன்: "கேபிள் இருக்கட்டும் சித்தப்பா, போட்ட மனுவுக்கு ஆபீஸ்ல பதில் வருதா?"

வருகிறது என்றால், ஊருக்குத் திரும்புவதைப் பற்றி வீட்டில் பேசிப் பார்க்கலாம்.