புள்ளி இல்லாத ஓலையும் கைப்பேசியும்

2003-இல் ஸ்காட்லாந்து மாணவி ஒருத்தி விடுமுறைக் கட்டுரையைக் கைப்பேசிக் குறுக்கங்களிலேயே எழுதித் தந்தாள் என்ற செய்தி பிரிட்டிஷ் நாளேடுகளில் பெரும் புலம்பலைக் கிளப்பியது. கடன்சீட்டின் 'ஐ.ஓ.யூ.' பதினேழாம் நூற்றாண்டுச் சுருக்கம் என்று மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டல் 2008-இல் எழுதிய நூலில் நினைவூட்டினார்.

நமக்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. பழைய பத்திரங்களில் மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, மேற்படிக்கு ௸. ஓலை கிழியுமென்று புள்ளியையே விட்டுவிட்டார்கள். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று விதிக்கும் தொல்காப்பியமும் அப்படித்தான் படியெடுக்கப்பட்டது! படிப்பவர் இலக்கணம் அறிந்தவர் என்ற நம்பிக்கை அது.

குறுஞ்செய்தியின் நெருக்கடியும் கருவி தந்ததே. ஆங்கிலத்தில் 160 குறிகள். யூனிகோட் தமிழில் 70 மட்டுமே. புள்ளியும் தனியே எண்ணப்படுவதால் 'வணக்கம்' ஏழு குறிகளை விழுங்கும். எனவே ரோமன் எழுத்தில் தமிழ்.

கவென்ட்ரி பல்கலைக்கழகத்தார் 88 சிறுவரை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரையில், குறுக்கங்களை மிகுதியாகக் கையாண்டோர் சொல்வாசிப்பிலும் மேம்பட்டிருந்தனர் என்றனர். அவர்கள் சுருக்கியது தம் எழுத்தை. நம் மாணவரோ எழுத்தையே மாற்றிக்கொள்கிறார். ந, ன, ண மூன்றும் அங்கே ஒன்றே. தேர்வுத்தாளில் தடுமாறுவதும் அம்மூன்றில்தான்.