பாஸ் மார்க்கிலிருந்து கட்-ஆஃபுக்கு: கனடாவின் புள்ளிமுறைக் குடிவரவு (1967–2025)

முன்னுரை

பள்ளித் தேர்வில் 35 எடுத்தால் தேர்ச்சி. பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு எடுத்தார் என்பது அங்கே பொருட்டல்ல. பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் அப்படியல்ல. எத்தனை இடங்கள் உள்ளன, மற்றவர்கள் என்ன மதிப்பெண் வைத்திருக்கிறார்கள் என்பவை சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. கலந்தாய்வு முடியும்வரை அது என்னவென்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

திறன்சார் தொழிலாளர்களைப் புள்ளிகள் இட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை உலகில் முதலில் நடைமுறைப்படுத்திய நாடு கனடா. இனத்தை அளவுகோலாகக் கொண்ட சட்டம் போய், திறனை அளவுகோலாகக் கொண்ட சட்டம் வந்தது என்பதே இம்முறையைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அது உண்மைதான் என்றாலும் பாதி வரலாறே. 1967இல் பாஸ் மார்க்காகப் பிறந்த புள்ளி, 2015இல் கட்-ஆஃபாக மாறிவிட்டது. இந்த மாற்றம் ஏன் நிகழ்ந்தது, ‘தகுதி’ என்ற சொல்லின் பொருளை அது எப்படி மாற்றியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

புள்ளிகளுக்கு முன்

கனடா 1885இல் சீனக் குடியேறிகள் மீது 50 டாலர் தலைவரி விதித்தது. 1903இல் அது 500 டாலரானது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் சீனர் வருகையை ஏறக்குறைய முற்றிலும் நிறுத்தியது. 1947இல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது.

இந்தியர்களைத் தடுத்த வழி இதைவிட நுட்பமானது. சொந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் பயணம் செய்து வருவோரையே அனுமதிக்கலாம் என்று 1908இல் ஒரு விதி பிறந்தது. அதில் ‘இந்தியா’ என்ற சொல்லே இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரடிக் கப்பல் சேவை கிடையாது என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரியும். 1914இல் 376 பயணிகளுடன் வான்கூவர் வந்த ‘கோமகாட்டா மாரு’ கப்பல் இரண்டு மாதங்கள் துறைமுகத்தில் காத்துக் கிடந்து, பெரும்பாலோரைக் கரையிறக்காமலே திரும்பியது. பார்வைக்கு நடுநிலையாகத் தோன்றும் விதியும் ஒரு கூட்டத்தாரை வடிகட்டும் சல்லடையாகலாம் என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று.

1947 மே மாதம் பிரதமர் மெக்கன்சி கிங் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை, மக்கள்தொகையின் அடிப்படைத் தன்மையை மாற்றும் அளவுக்குக் குடிவரவு அமையக் கூடாது என்ற நிலைப்பாட்டை வெளிப்படையாகவே முன்வைத்தது. புதிதாக விடுதலை பெற்ற காமன்வெல்த் நாடுகளை முழுவதும் ஒதுக்கவும் முடியாத நிலையில், 1951இல் ஓர் ஒதுக்கீடு வந்தது: ஆண்டுக்கு இந்தியாவிலிருந்து 150 பேர், பாகிஸ்தானிலிருந்து 100 பேர், இலங்கையிலிருந்து 50 பேர். யார் வருகிறார் என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை பேர் வரலாம் என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. இந்த வரிசைமுறை பின்னர் நமக்குத் தேவைப்படும்.

1967: அட்டவணையின் பிறப்பு

1962இல் குடிவரவு அமைச்சர் எலன் ஃபேர்க்ளோ கொண்டுவந்த விதிகள், கல்வியும் தொழில்திறனும் உள்ளவர் எந்த நாட்டவராயினும் விண்ணப்பிக்கலாம் என்றன. ஆனால் உறவினரை அழைத்துக்கொள்ளும் உரிமையில் ஐரோப்பியருக்குச் சாதகமான வேறுபாடு நீடித்தது. மேலும் ‘தகுந்த திறன்’ எது என்பதை வரையறுக்கும் பொது அளவுகோல் இல்லை. ஒவ்வொரு விசா அதிகாரியும் தமக்குத் தோன்றியபடி முடிவெடுத்தார்.

போருக்குப் பிந்தைய ஐரோப்பா செழிக்கத் தொடங்கியதால் அங்கிருந்து வருவோர் குறைந்தனர். கனடாவின் தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். 1966இல் மனிதவள, குடிவரவுத் துறை உருவானது. அமைச்சர் ழான் மர்ஷான், துணை அமைச்சர் டாம் கென்ட் ஆகியோர் காலத்தில் உருவான புள்ளி அட்டவணை 1967 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

மொத்தம் 100 புள்ளிகள், தேர்ச்சிக்கு 50. கல்வி, பயிற்சிக்கு 20. அதிகாரியின் தனிப்பட்ட மதிப்பீட்டுக்கு 15. தொழிலுக்கான தேவைக்கு 15. தொழில்திறன், வயது, முன்கூட்டிய வேலை ஏற்பாடு, ஆங்கில-பிரெஞ்சு அறிவு ஆகியவற்றுக்குத் தலா 10. கனடாவில் உள்ள உறவினருக்கு 5. போகும் இடத்தின் வேலைவாய்ப்புக்கு 5.

முப்பது வயதுப் பட்டதாரிப் பொறியாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். படித்த ஆண்டு ஒன்றுக்கு ஒரு புள்ளி என 16 கிடைக்கும். வயதுக்கு 10, திறனுக்கு 10, சரளமான ஆங்கிலத்துக்கு 5. கூட்டினால் 41. கனடாவில் உறவினர் இல்லை, கையில் வேலை ஏற்பாடு இல்லை, அவருடைய தொழிலுக்கு அங்கே அப்போது தேவையும் இல்லை, போகும் இடத்தின் வேலைவாய்ப்புக்கும் புள்ளி இல்லை என்றால், மீதமுள்ள 9 புள்ளிகள் எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரியின் பேனாவில் இருந்தன. அகவயத் தீர்ப்பு ஒழிந்துவிடவில்லை. நூற்றுக்குப் பதினைந்து என்ற எல்லைக்குள் அடைக்கப்பட்டது. அதுவே அன்றைக்குப் பெரிய சீர்திருத்தம்.

விளைவு விரைவாகத் தெரிந்தது. 1966இல் குடியேறியோரில் ஏறக்குறைய 87 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர். நான்கே ஆண்டுகளில் பாதிப் பேர் பிற பகுதிகளிலிருந்து வந்தனர். விசா அலுவலகங்கள் ஐரோப்பாவில் மிகுந்தும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் அரிதாகவும் இருந்த காலத்திலேயே இது நிகழ்ந்தது.

1967ஆம் ஆண்டு அட்டவணையின் ஆழமான புதுமை ஒன்று கவனத்துக்கு உரியது. 50 பெற்றவர் தேர்ச்சி பெற்றவர். அவருக்கு முன்னால் எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்று அட்டவணை கேட்கவில்லை. 1951இல் ஆள்கணக்கு முதலில் வந்தது. 1967இல் மதிப்பெண் முதலில் வந்தது.

இரண்டு எண்களின் மோதல்

தேர்ச்சி பெற்ற எல்லோருக்கும் இடமுண்டு என்ற வாக்குறுதி, வேலையின்மை பெருகும்போது அரசுக்குச் சுமையானது. எனவே குழாயைத் திருகித் திறப்பதும் மூடுவதுமாகவே அடுத்த முப்பது ஆண்டுகள் கழிந்தன. சுற்றுலாப் பயணியாக வந்தவரும் உள்ளிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று 1967இல் தந்த சலுகை, கோப்புகள் தேங்கியதால் 1972 நவம்பரில் பறிக்கப்பட்டது. 1974இல் தொழில்தேவைக்கான புள்ளி கட்டாயமாக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டுப் பொருளாதார மந்தத்தின்போது, முன்கூட்டியே வேலை உறுதியானவர்களுக்கே கதவு திறந்தது. 1986இல்தான் அது தளர்ந்தது.

1976இல் நிறைவேறி 1978இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம், ஆண்டுதோறும் எத்தனை பேரை ஏற்பது என்ற திட்ட எண்ணை நாடாளுமன்றத்தில் வைக்கச் சொன்னது. அதே சட்டம் குடும்பம், அகதிகள், சுயேச்சை விண்ணப்பதாரர் என மூன்று கதவுகளைத் தனித்தனியே வகுத்தது. புள்ளிகள் மூன்றாவது கதவுக்கு உரியவை. 1983க்குப் பின் கனடா சென்ற இலங்கைத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் அகதிக் கதவு வழியாகவும் குடும்பக் கதவு வழியாகவும் நுழைந்தவர்கள். இன்று ரொறன்ரோவின் தமிழ்ச் சமூகத்தைக் காண்பவர், அது புள்ளி அட்டவணை அளந்து அனுப்பிய சமூகம் அல்ல என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரே அமைப்புக்குள் இப்போது இரண்டு எண்கள்: தேர்ச்சி மதிப்பெண், ஆண்டுத் திட்ட எண். தேர்ச்சி பெறுவோர் திட்ட எண்ணைத் தாண்டினால் மிஞ்சுவோர் வரிசையில் நிற்க வேண்டும். வந்த ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பரிசீலித்தே ஆக வேண்டும் என்பது அன்றைய சட்டநிலை. வரிசை நீள்வதற்கு வேறென்ன வேண்டும்?

2002இல் வந்த புதிய சட்டம் தொழில்பட்டியலைக் கைவிட்டு, எத்தொழிலுக்கும் மாறிக்கொள்ளக் கூடிய ‘மனித மூலதன’த்தைத் தேடியது. கல்விக்கு 25, மொழிக்கு 24, அனுபவத்துக்கு 21. அதிகாரியின் தனிப்பட்ட மதிப்பீட்டுப் புள்ளிகள் மறைந்தன. தேர்ச்சி 75 என நிர்ணயித்து, மறு ஆண்டே 67 ஆகக் குறைத்தார்கள். தகுதி பெறுவோர் பெருகினர். 2008இல் திறன்சார் பிரிவில் காத்திருப்போர் 6,00,000ஐத் தாண்டினர்.

அவ்வாண்டு சட்டம் திருத்தப்பட்டது. எந்த விண்ணப்பங்களைக் கையிலெடுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு வந்தது. கைவிட்ட தொழில்பட்டியல் 38 தொழில்களுடன் திரும்பியது. இறுதியில் 2012இல், 2008 பிப்ரவரி 27க்கு முன் விண்ணப்பித்து முடிவு கிடைக்காமல் இருந்தவர்களின் கோப்புகளைச் சட்டம் இயற்றியே மூடினர். கட்டணம் திருப்பித் தரப்பட்டது. காத்திருந்த ஆண்டுகளைத் திருப்பித் தர வழியில்லை. குடும்பத்தாரையும் சேர்த்தால் ஏறத்தாழ 2,80,000 பேர். பாஸ் மார்க் என்ற கருத்து உண்மையில் மரித்தது இங்கேதான்.

2015: தரவரிசை

2015 ஜனவரியில் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ தொடங்கியது. மூலக்கருத்து கனடாவினுடையது அல்ல. விருப்பம் தெரிவித்தோரை ஒரு தொகுப்பில் வைத்து, மேலிருந்து அழைக்கும் முறையை நியூசிலாந்து 2003இலும் ஆஸ்திரேலியா 2012இலும் தொடங்கியிருந்தன. கனடாவிலிருந்து புள்ளிமுறையைக் கற்ற நாடுகளிடமிருந்து கனடா தரவரிசையைக் கற்றது.

பழைய 67 இன்றும் உள்ளது. ஆனால் அது தொகுப்புக்குள் நுழையும் சீட்டு மட்டுமே. உள்ளே 1,200 புள்ளிகளுக்கான வேறொரு கணக்கு நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை பேரை அழைப்பது என்று அரசு முடிவு செய்கிறது. கடைசியாக அழைக்கப்பட்டவரின் மதிப்பெண் கட்-ஆஃப் ஆகிறது. 2015 ஜனவரி 31இல் நடந்த முதல் சுற்றில் 779 பேர் அழைக்கப்பட்டனர், கட்-ஆஃப் 886. பெருந்தொற்றால் எல்லைகள் மூடியிருந்த 2021 பிப்ரவரி 13இல், கனடாவிலேயே வேலை பார்த்த அனுபவம் உள்ளோர் பிரிவில் 27,332 பேர் அழைக்கப்பட்டனர். கட்-ஆஃப் வெறும் 75. திறனின் மதிப்பு இப்படி ஏறி இறங்குவதில்லை. ஏறி இறங்கியது அரசின் தேவை.

புள்ளியின் எடையும் நிலையாக இல்லை. வேலை உறுதிக்கு முதலில் 600 புள்ளிகள். 2016 நவம்பரில் அது 50 அல்லது 200 ஆனது. மோசடியைக் காரணம் காட்டி 2025 மார்ச்சில் முற்றிலும் நீக்கப்பட்டது. 2023 முதல் மருத்துவப் பணி, கட்டுமானத் தொழில், பிரெஞ்சு மொழி என வகைவாரியாகவும் அழைக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் பொதுச் சுற்றுக்கு 530க்கு மேல் வேண்டியிருந்தபோது, அம்மாத இறுதியில் பிரெஞ்சு அறிந்தோருக்கு 336 போதுமானதாக இருந்தது. நடுநிலை அளவுகோல் என்று தொடங்கியது, கொள்கை விருப்பங்களை எண்களாக எழுதும் பலகையாக மாறியுள்ளது.

வயது, மொழி: இரு அளவைகளின் பயணம்

வயதுப் புள்ளியின் வரலாறு இதைத் தெளிவாக்கும். 1967இல் 18 முதல் 35 வரை முழுப் புள்ளி. 2002இல் 21 முதல் 49 வரை. 2013இல் மீண்டும் 35 வரை. 2015இன் தரவரிசையில் 20 முதல் 29 வரை. இப்போது துணையின்றி விண்ணப்பிப்பவருக்கு 29 வயதில் 110 புள்ளிகள், 40 வயதில் 50, 45 வயதில் பூஜ்யம். மனிதர் மாறவில்லை, ‘இளமை’ என்ற சொல்லை அரசு அரை நூற்றாண்டில் பலமுறை திருத்தி எழுதியது.

மொழியில் மாறியது எடை மட்டுமல்ல, அளப்பவரும்தான். 1967இல் 10 புள்ளி, 2002இல் 24, 2013இல் 28. அதிகாரி காதால் கேட்டு மதிப்பிட்ட காலம் முடிந்து, 2010 முதல் ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற தேர்வு கட்டாயமானது. பட்டத்தையும் 2013 முதல் ஓர் அமைப்பு மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும். அதிகாரியிடம் இருந்த தீர்ப்பு, கட்டணம் வாங்கும் தேர்வு நிறுவனங்களிடமும் மதிப்பீட்டு அமைப்புகளிடமும் கைமாறியது. அந்தச் சான்று புள்ளிக்கு உதவும். மருத்துவராகவோ உரிமம் பெற்ற பொறியாளராகவோ பணிபுரிய மாகாணத் தொழிற்குழுவின் உரிமம் தனியே வேண்டும். பட்டத்துக்குப் புள்ளி தந்து வரவேற்கும் நாட்டில் அதே பட்டம் வேலைக்குச் செல்லாமல் போவதன் காரணம் இந்த இரட்டை அதிகாரம்.

முடிவுரை

மூன்று கட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வட்டம் தெரிகிறது. 1951இல் அரசு முதலில் ஆள்கணக்கை முடிவு செய்தது. 1967இல் மதிப்பெண்ணை முடிவு செய்து, ஆள்கணக்கைத் திறந்துவிட்டது. அந்தத் திறப்பின் விலையாக வரிசை நீண்டது. வரிசையைக் கலைத்தபின், 2015இல் ஆள்கணக்கு மீண்டும் முதலிடத்துக்கு வந்தது. இலங்கைக்கு 50 என்று எழுதிய காலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. அன்றைய எண் நாட்டின் பெயரோடு வந்தது. இன்றைய எண் யாருடைய பெயரையும் சொல்வதில்லை. இனம் விடைபெற்றது, ஒதுக்கீடு விடைபெறவில்லை.

1967ஆம் ஆண்டு விண்ணப்பதாரர் தம் புள்ளிகளை வீட்டிலேயே கூட்டிப் பார்த்து, அதிகாரியின் பதினைந்து நீங்கலாக, தாம் நிற்கும் இடத்தை அறிய முடிந்தது. இன்றைய விண்ணப்பதாரர் கடைசிப் புள்ளிவரை துல்லியமாகக் கூட்டலாம். அது போதுமா என்பது அடுத்த சுற்று அறிவிக்கப்படும்வரை அவருக்குத் தெரியாது.